மிச்ச நிறம்

பெயின்ட் அடித்து ஒரு வாரம் ஆன பிறகும் அந்தச் சுவர் வெதுவெதுப்பாக இருந்தது.

ஈரமில்லை. விரலில் ஒட்டவும் இல்லை. நன்றாகக் காய்ந்துதான் இருந்தது. ஆனால் திரைக்கம்பியை எந்த உயரத்தில் மாட்டலாம் என்று பார்ப்பதற்காக உள்ளங்கையைச் சுவரில் ஊன்றியவள், காய்ச்சல் கண்ட குழந்தையின் நெற்றியைத் தொட்டதுபோல் கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டாள். பிறகு மறுபடியும் வைத்துப் பார்த்தாள். வெளியே விடிந்ததிலிருந்து மழை. வீட்டின் மற்ற சுவர்களெல்லாம் சில்லிட்டுக் கிடந்தன.

எட்டு மாத வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்து அறையைச் சுற்றிப் பார்த்தாள். போன மாதம்வரை ஓடாத மின்விசிறியும் பழைய பெட்டிகளும் அடைந்து கிடந்த ஸ்டோர் ரூம் இது என்றால் யாரும் நம்பமாட்டார்கள். படுக்கை விரிப்பை வெட்டித் தைத்த திரை. கணவன் வேலை செய்யும் மரச்சாமான் கிடங்கில் கால் விரிசல்விட்டது என்று ஒதுக்கிய தொட்டில். விரிசலில் பசை வைத்து, மேலே கயிறு சுற்றி, இப்போது அதுவே ஓர் அலங்காரம் மாதிரி இருந்தது. துணி மாட்டும் ஹேங்கரிலிருந்து நூலில் தொங்கும் பறவைகள், அவளுடைய பழைய சட்டைகளிலிருந்து பிறந்தவை. காசு கொடுத்து எதையும் வாங்கவில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

பெயின்ட்டும் அப்படித்தான். கிடங்குச் சுவருக்கு அடித்து மீந்த வெள்ளை, நாத்தனார் வீட்டில் மிஞ்சிய செங்கல் நிறம், யாரோ கொடுத்த அரை டப்பா மஞ்சள். அதுவும் போதாமல், இதே அறையின் பரணில் முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போன, பேர் அழிந்த ஒரு டப்பா. எல்லாவற்றையும் ஒரே வாளியில் ஊற்றிக் கலக்கினாள். கலக்கக் கலக்க, உதட்டின் உட்புறம்போல மெத்தென்ற ஒரு நிறம் திரண்டு வந்தது.

“என்ன கலர்மா இது?” என்று கணவன் வாளிக்குள் எட்டிப் பார்த்தான்.

“மிச்சக் கலர்.”

“கடையில கேட்டா குடுப்பானா?”

“தலைகீழா நின்னாலும் குடுக்க மாட்டான். இது மறுபடி வராதுங்க. சிந்தாம நாலு சுவருக்கும் அடிங்க.”

அன்று இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

சுவர் சுடுகிறது என்று இன்று சொன்னபோதும் அவன் சிரித்தான். “பின்பக்கம் யாராவது அடுப்பு வச்சிருப்பாங்க.”

“பின்பக்கம் வெறும் காத்து. நாம இருக்கறது ரெண்டாவது மாடி.”

“அப்ப குழந்தைக்கு ஹீட்டர் செலவு மிச்சம்,” என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

அவனிடம் இன்னொன்றை அவள் சொல்லவில்லை. குழந்தை இந்த அறையில் மட்டும்தான் அசைகிறது.

முதலில் அவளே அதை நம்பவில்லை. சமையலறையில் நிற்கும்போது வயிறு மூட்டை மாதிரி கனத்துக் கிடக்கும். கட்டிலில் படுத்தாலும் அப்படியே. பயந்துபோய் ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள். இடது பக்கமாகச் சாய்ந்து படுங்கள், ஜில்லென்று எதையாவது குடியுங்கள், அப்போதும் அசைவு தெரியாவிட்டால் உடனே வந்துவிடுங்கள் என்றாள் நர்ஸ். படுத்தாள், குடித்தாள். ஒன்றுமில்லை. கிளம்புவதற்காகக் குழந்தைத் துணிப்பையை எடுக்க இந்த அறைக்குள் காலை வைத்தாள். வைத்த கணமே ஓர் உதை. அம்மாடி, என்ன உதை! அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். “இந்த ரூம் உனக்கு அவ்வளவு புடிச்சிருக்காடா தங்கம்?”

அன்றைக்கே மெத்தையை இங்கே இழுத்துப் போட்டுக்கொண்டாள். சாப்பாட்டுத் தட்டும் இங்கே வந்தது. பிறகு தையல் பெட்டி. பிறகு அவள் வெளியே போவதே குளியலறைக்கு மட்டும் என்றாகிவிட்டது. அதுவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஓட்டமும் நடையுமாக.

மதியம் கீழ்வீட்டிலிருந்து வீட்டுக்கார அம்மா வந்தாள். வாடகைக்கு விட்ட வீட்டில் எங்கும் உரிமையோடு நுழைபவள், இந்த அறை வாசலில் மட்டும் நின்றுகொண்டாள்.

“அடேயப்பா, அரண்மனையா ஆக்கிட்டியே! முன்னாடி இருந்தவளும் இந்த ரூமைத்தான் இப்படிப் பாத்துப் பாத்து ஜோடிச்சா.”

“அவங்க குழந்தை?”

“தங்கலைம்மா. இருந்திருந்தா இப்ப ஓடி விளையாடும்.” நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனாலும் வாய் நிற்கவில்லை. “காலி பண்ணற அன்னிக்கு வரவே மாட்டேன்னுட்டா. சுவரைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு ஒரே அழுகை. நாங்கல்லாம் சேர்ந்து இழுத்துத்தான் கீழ இறக்கினோம். சரி, உனக்கு இந்த நேரத்துல அதெல்லாம் எதுக்கு? ஜன்னலைத் திறந்து வை. ஒரே பெயின்ட் நாத்தம்.”

பெயின்ட் நாற்றம் இல்லை அது. வீட்டுக்கார அம்மா போன பிறகு சுவரில் மூக்கை வைத்து முகர்ந்தாள். பால் சிந்திய துணியின் வாசனை. தலைக்குக் குளிப்பாட்டித் துவட்டிய உச்சந்தலையின் வாசனை.

மழை வலுத்தது. ஜன்னலில் வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்தது. பறவைகள் ஒன்றுகூட ஆடாமல் தொங்கின. குழந்தை உதைத்துக்கொண்டிருந்தது. அறையின் நடுவில் நின்றால் மெதுவாக, சுவரை நெருங்க நெருங்கப் பலமாக. வயிற்றைச் சுவரில் ஒட்டவைத்து நின்றால் உடம்பே குலுங்கும்படி. அவளுக்கு அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. வந்திருக்கக் கூடாது. வயிற்றுக்கும் சுவருக்கும் நடுவே கையை நுழைத்தாள், உள்ளங்கை வயிற்றின் பக்கமாக.

உதை புறங்கையில் விழுந்தது.

வயிறு அசையவே இல்லை.

கணவனுக்குப் போன் செய்தாள். “வாங்க,” என்று மட்டும் சொன்னாள்.

கிடங்கு வேனையே எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். நனைந்த சட்டையோடு வாசலில் நின்று மூச்சு வாங்கினான். “என்னாச்சு? வலியா? கிளம்பு, வேன் கீழ நிக்குது.”

நல்ல மனிதன். அவன் நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். தொட்டிலைத் தாண்டினாள். பறவைகளைத் தாண்டினாள். நிலைப்படிக்கு வெளியே ஒரு காலை எடுத்து வைத்தாள்.

பின்னால், சுவருக்குள், அழுகை.

மெலிதாக. வாயைத் துணியால் பொத்தியதுபோல.

கையை உதறிவிட்டு ஓடினாள். சுவரில் வயிற்றை, மார்பை, கன்னத்தை அப்பிக்கொண்டாள். அழுகை விக்கலாகி, விக்கல் ஓய்ந்தது.

“என்னம்மா பண்ற? உனக்குப் பைத்தியமா?” அவன் அவளுடைய வயிற்றில் கை வைத்தான். காத்திருந்தான். “அசையலையே... ஏய், அசையலையே! வா. வந்துடு.”

“நான் வந்தா அழுவான்.”

“யாரு?”

அவன் கையைப் பிடித்து, தன் தோளுக்குப் பக்கத்தில் சுவரில் வைத்தாள். அந்த நிறத்துக்கு அடியிலிருந்து ஒரு சின்னக் குதிகால் எழும்பி, அவன் உள்ளங்கையைத் தடவிக்கொண்டே மெல்ல நழுவியது.

அவன் கத்தவில்லை. கையை எடுக்கவும் இல்லை. எடுக்க முடியாது. அவளுக்குத் தெரியும்.

அவன் தோளுக்கு மேலாக அவள் எதிர்ச்சுவரைப் பார்த்தாள்.

அங்கே ஒரு கை புடைத்திருந்தது. இதைவிடப் பெரியது. ஓடி விளையாடும் வயதுள்ள குழந்தையின் கை. ஐந்து விரல்களும் தெளிவாக. அது பெயின்ட்டுக்கு அடியில் நகர்ந்தது. நின்றது. மறுபடி நகர்ந்தது. மூலைவரை வந்து, மூலையைத் திரும்பி, ஜன்னலுக்குக் கீழாக, சத்தமே இல்லாமல், தம்பியைத் தேடி இந்தச் சுவரை நோக்கி வந்துகொண்டிருந்தது.