ஆள் இருக்கும் நாற்காலி

நாற்காலி சூடாக இருந்தது. ஃபுமியேவுக்கு அதுதான் முதலில் உறுத்தியது. ஒரு மணி நேரமாக அந்தச் சூதாட்ட இயந்திரத்தின் முன் யாருமே இல்லை. அதன் வில்லைத் தட்டில் ஒரு சிகரெட் பெட்டி மட்டும் கிடந்தது. அப்படி ஏதாவது வைத்துவிட்டுப் போன இடத்தில் அந்த ஊரில் யாரும் உட்கார மாட்டார்கள்.

"உக்காராதம்மா, அங்க ஆள் இருக்கு," என்றார் பக்கத்து இயந்திரத்தில் ஆடிக்கொண்டிருந்த ஒகாதா.

"சிகரெட் பெட்டிதான் இருக்கு ஐயா, ஆளைக் காணோமே! ரெண்டாயிரம் யென்தான். தீர்ந்ததும் எந்திரிச்சிடுவேன். நாலு மணிக்குக் குழந்தைக் காப்பகத்துல இருந்து பொண்ணு மியோவைக் கூட்டிட்டு வரணும்."

பெட்டியைத் தள்ளி வைத்துவிட்டு லீவரைத் தட்டினாள். தட்டும் கணத்திலேயே உள்ளே முடிவு விழுந்துவிடும், உருளைகளை நிறுத்தும் மூன்று பொத்தான்களும் சும்மா கைக்கு வேலை கொடுக்கத்தான் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. உருளைகள் சுழலும் இரைச்சலும் காசு போன்ற ஆட்ட வில்லைகள் கொட்டும் சத்தமும் காதை அடைக்க, பழைய கம்பள நாற்றத்துக்கு நடுவே யாருடையதோ ஈரக் கூந்தல் வாடை அவள் கழுத்தருகிலேயே வீசிக்கொண்டிருந்தது.

பணம் தீரவில்லை. சின்னச் சின்னதாக விழுந்துகொண்டே இருந்தது. தீர்ந்தால்தானே எழுவது!

மூன்றே முக்கால். போதும் என்று எழப் பார்த்தாள். கை லீவரைத் தட்டியது. மறுபடி தட்டியது. ஐயோ, கால் எங்கே? காலே தெரியவில்லை.

நாலே காலுக்குக் கைபேசி அடித்தது. காப்பக ஆசிரியை.

"மியோம்மா, பாப்பா சாப்பாட்டு டப்பாவை இங்கேயே விட்டுட்டுப் போயிட்டா பாருங்க."

"போயிட்டாளா? யார் கூட?"

ஆசிரியை சிரித்தாள். "என்னங்க விளையாட்டு! இப்பத்தானே நீங்க வந்து கூட்டிட்டுப் போனீங்க."

"ஒகாதா ஐயா! என்னைத் தூக்கி விடுங்க! என் பொண்ணு!"

ஒகாதா திரும்பினார். நாற்காலியைப் பார்த்தார். அவளைப் பார்க்கவில்லை.

"இன்னும் ஆள் வரல போல," என்றார் பணியாளரிடம்.

கத்தினாள். சத்தம் வரவில்லை. கை தட்டியது. தட்டியது.

வாசல் கண்ணாடிக்கு அப்பால் அவளுடைய சாம்பல் நிறக் கோட்டு. அவளுடைய முகம். கூந்தல் மட்டும் ஈரமாக இருந்தது. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு மியோ. குழந்தை உள்ளே எட்டிப் பார்த்தாள். விளக்குகளைப் பார்த்தாள். வேறு எதையும் பார்க்கவில்லை.

அந்தப் பெண் ஃபுமியே இருந்த பக்கம் இடுப்பு வரை குனிந்து வணங்கினாள். பிறகு மியோவின் நெற்றியில் வெயில் படாமல் உள்ளங்கையால் மறைத்தபடி, பொறுமையாக, குழந்தையின் நடைக்குத் தன் நடையைக் குறைத்து, வீட்டுப் பக்கம் நடந்தாள்.