காவலுடல்

மூன்றாம் தெருவின் நோய்விளக்கு பச்சையாகவே எரிந்தது. அந்தத் தெருவுக்கு ஊசி போடும் ஜெபராணி தன் கைக்குழந்தையின் தொடையைத் துடைத்துவிட்டுக் கவச ஊசியை எடுத்தபோது செல்பேசி அடித்தது. நாலாம் தெரு ஊசிக்காரி தங்கபுஷ்பம்.

"ஏட்டி, துறைமுகத்துல நாயெல்லாம் சுருண்டு சுருண்டு விழுதாம். உங்க விளக்கு என்ன சொல்லுது?"

"பச்சைதான்க்கா."



கவசம் போட்டவருக்குக் காய்ச்சல் வராது. புதுக்கிருமி புகுந்தாலும் உடம்பு காட்டிக்கொடுக்காது, ரத்தமும் காட்டிக்கொடுக்காது. ஈரல் கரைந்த பிறகுதான் தெரியும். அதனால் தெருவுக்கு ஒருவரைக் கவசமில்லாமல் விட்டுவைத்தார்கள். அவர்தான் காவலுடல். அவர் கழுத்திலிருக்கும் வெம்மைப்பட்டை சூடேறினால் விளக்கு சிவக்கும். அவர் ரத்தத்தில் கிருமியைப் பிடித்து மாற்று மருந்து செய்வார்கள். ஊர் பிழைக்கும். காவலுடல் பிழைப்பது அபூர்வம்.

இந்தத் தெருவில் சீட்டு விழுந்தது சவரியான் அண்ணாச்சிக்கு. இப்போதும் தொட்டிலருகே உட்கார்ந்து குழந்தைக்கு விரலாட்டிக்கொண்டிருந்தார். பிரசவ வலி கண்ட அன்று, கொட்டும் மழையில், மீன்வண்டியில் வைத்து ஜெபராணியை ஆஸ்பத்திரி சேர்த்தவர். வீடு திரும்பியதும் அவள் யாருக்கும் தெரியாமல் அவருக்குக் கவசம் போட்டுவிட்டாள். ஒரு விளக்கு பொய் சொன்னால் என்ன, பக்கத்துத் தெருக்கள் இருக்கின்றனவே என்று நினைத்தாள். நினைத்தது சரிதானா என்ற சந்தேகமும் அன்றே வந்தது.

"உங்க விளக்கு என்ன சொல்லுதுக்கா?"

"பச்சை." தங்கபுஷ்பத்தின் குரல் இறங்கியது. "அதை விடு. எங்க காவலுடல் என் கொழுந்தன்ட்டி. எப்படிச் சாக விட முடியும்? நீ இருக்கேன்னு நம்பித்தான்..."

"நானும் போட்டுட்டேன்க்கா."

 இருவரும் ஆளுக்கொரு பக்கமாக மற்ற ஊசிக்காரிகளை அழைத்தார்கள். முதலில் எல்லோரும் பச்சை என்றார்கள். அப்புறம் அழுதார்கள்.

"ஊருக்குள்ள ஊசி படாத உடம்பு ஒண்ணுகூடவா இல்ல?" மறுபடி அழைத்த தங்கபுஷ்பம் கத்தினாள்.

ஜெபராணி குழந்தையைப் பார்த்தபடி செல்பேசியை அணைத்தாள்.

"போட்டுரு தாயி," என்றார் அண்ணாச்சி. "ஒத்தப் பிள்ளைக்குப் போட்டா யாருக்குத் தெரியப்போவுது?"

"எல்லாரும் அப்படித்தான அண்ணாச்சி நெனச்சோம்."

ஊசியை ஐஸ் பெட்டிக்குள் திரும்ப வைத்தாள். அவர் கழுத்துப் பட்டையைக் கழற்றிக் குழந்தைக்குக் கட்டினாள். தொளதொளவென்று கிடந்தது. ஆணியால் உள்பக்கமாக ஒரு துளை போட்டாள். பிள்ளை வளருமே என்று, கொஞ்சம் தள்ளி இன்னொன்றும் போட்டாள்.