பேட்டரி கழற்றிய ஜீப்

சுப்பையன் அன்றைக்குக் கேட்டானா, கேட்கவில்லையா என்பதை அன்பழகனால் இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. இரண்டு வருடமாக ஒரே மாதிரிச் சொல்லிச் சொல்லி, சொன்னதே நடந்ததாக ஆகிவிட்டிருந்தது. போலீசிடமும், சுப்பையன் வீட்டிலும், தூக்கம் வராத நேரத்தில் தன்னிடமும் அவன் சொன்னது ஒன்றுதான்: சுப்பையன் கேட்கவில்லை, கேட்காமலே கை வைத்துவிட்டான்.

கேட்க வேண்டியது ஒரே ஒரு சொல். கோட்டுச்சேரி மெயின் ரோட்டை ஒட்டிய அந்த ஒடுங்கிய ஷெட்டில் இருவரும் பதினெட்டு வருடம் சேர்ந்து வேலை பார்த்தார்கள். சாவியில் கிளம்பாத பழைய டீசல் ஜீப் வந்தால், ஒருவர் வண்டிக்கும் சுவருக்கும் நடுவில் குனிந்து ஸ்டார்ட்டர் மோட்டாரின் இரண்டு முனைகளையும் ஸ்க்ரூடிரைவரால் சேர்ப்பார். இன்னொருவர் டிரைவர் கதவருகில் நிற்பார். குனிந்தவர் "நியூட்ரலா?" என்று கேட்க வேண்டும். நிற்பவர் கியரைப் பார்த்துவிட்டு "நியூட்ரல்தான்" என்று சொல்ல வேண்டும். கியரில் இருக்கிற வண்டியை அப்படிக் கிளப்பினால் நின்ற இடத்திலிருந்து பாயும்.

அன்றைக்குப் பாய்ந்தது. அன்பழகன் ஓடிப்போய்ப் பேட்டரி வயரைப் பிடுங்கினான். ஆயுசு முழுக்க கரண்ட் வேலை பார்த்தவன் கை வேறெங்கே போகும். டீசல் இன்ஜின் ஒருமுறை பிடித்துக்கொண்டால் அதற்குக் கரண்டே வேண்டாம், உள்ளே இருக்கும் ஸ்டாப் குமிழை இழுத்தால்தான் நிற்கும் என்பது அவனுக்குத் தெரியாததல்ல. அது நினைவுக்கு வருவதற்குள், எண்ணெய்த் தரையில் சக்கரம் வழுக்கி வழுக்கி, வண்டி சுப்பையனைச் சுவரோடு வைத்து அழுத்திக்கொண்டே இருந்தது.

அதே ஜீப்தான் இந்த ஐப்பசி மழையில் திரும்பி வந்திருந்தது. திருவேட்டக்குடிப் பக்கம் இறால் குட்டை வைத்திருக்கும் பீர் மைதீன் போன வருடம்தான் அதை வாங்கியிருந்தார்; பழைய கதை அவருக்குத் தெரியாது. போனில் அவர், "அன்பு, இந்த வண்டிக்கு ராத்திரில என்னமோ பசிக்குதுப்பா, பேட்டரிய தின்னுட்டு காலைல ஏப்பம் வுடுது" என்று சிரித்தார். மாட்டேன் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார். அன்பழகன் வாங்கிக்கொண்டான்.

சாயங்காலம் நாலு மணிக்கே ஷெட்டுக்குள் இருட்டியிருந்தது. தகரக் கூரையில் மழை ஒரே சீராக விழுந்தது. ஈர மண், பழைய டீசல், உப்பேறிய இரும்பு, எல்லாம் கலந்த வாடை. முதலில் கியரைப் பிடித்து இரண்டு பக்கமும் ஆட்டிப் பார்த்தான். நியூட்ரல். இரண்டு வருடமாக இதை மட்டும் அவன் மறப்பதில்லை. பிறகு பேட்டரியின் நெகடிவ் வயரைக் கழற்றி, வயருக்கும் பேட்டரிக்கும் நடுவில் டெஸ்ட் லேம்பை மாட்டினான். வண்டியில் எல்லாம் அணைந்திருக்கும்போது அந்தச் சின்ன பல்பு எரிந்தால், எங்கோ ஏதோ கரண்டைத் திருடுகிறது என்று அர்த்தம். எரிந்தது. மங்கலாக, மஞ்சளாக.

ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். எதைப் பிடுங்கும்போது பல்பு அணைகிறதோ அங்கேதான் கோளாறு. ஹாரன், ஹெட்லைட், வைப்பர். கடைசி ஃப்யூஸையும் எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பார்த்தான். பல்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. ஃப்யூஸ் இல்லாமல் பேட்டரியிலிருந்து நேராகப் போவது ஸ்டார்ட்டர் வயர் ஒன்றுதான்.

அப்போதுதான் வாசலில் குடையை மடக்கும் சத்தம் கேட்டது. மங்கையர்க்கரசி. சுப்பையனின் மனைவி. உள்ளே வரவில்லை. ஜீப்பையும் பார்க்கவில்லை. வண்டி வந்திருப்பதாகக் கேள்விப்பட்டதாகவும், பஸ் வருவதற்குள் போய்விடுவதாகவும் சொன்னாள். அப்பன் அஜாக்கிரதையாய்ச் செத்தவன் என்று பள்ளிக்கூடத்தில் எவனோ சொன்னானாம். மகன் கலைவாணன் நாலு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லையாம்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்ண்ணே. வீட்ல சிலிண்டர் மாத்துனாக்கூட, மூடிட்டியா மூடிட்டியான்னு மூணு தடவ கேப்பாரு. ஒரு நாளு கோவத்துல, மூடலங்க, ரெண்டு பேரும் சேந்தே போவோம்னேன். அந்த ஆளு இங்க கேக்காம கைய வச்சிருப்பாரா?"

'கேட்டிருப்பான்' என்ற ஒரு சொல் போதும். அது தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் அதைச் சொன்னால் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். தான் எங்கே நின்றோம், எதைப் பார்க்கவில்லை என்று சொல்ல வேண்டும். அவனுக்கு அசதியாக இருந்தது. இரண்டு வருட அசதி.

"கேக்கலம்மா."

அவள் "சரிண்ணே" என்று குடையை விரித்துக்கொண்டு எதிர்ப்பக்க பஸ் ஸ்டாப்புக்குப் போனாள்.

அன்பழகன் பேட்டரியை முழுசாகக் கழற்றித் தூக்கி, வாசல் பக்கம் தரையில் வைத்தான். இனி வண்டியில் கரண்ட் என்று எதுவும் கிடையாது. டெஸ்ட் லேம்பின் ஒரு முனையை பாடியில் மாட்டினான். வண்டிக்கும் சுவருக்கும் நடுவில் நுழைந்து குனிந்து, மறுமுனைக் கொக்கியை ஸ்டார்ட்டர் மோட்டாரில் மாட்டினான். சுவரில் முதுகு உரசியது. அன்றைக்குச் சுப்பையன் நசுங்கியதற்குப் பிறகு வெள்ளையடித்த இடம் மட்டும் மற்ற சுவரைவிடச் சில்லென்றிருந்தது.

பல்பு எரிந்தது.

முன்பைவிட வெளிச்சமாக எரிந்தது.

பல்பையே பார்த்துக்கொண்டிருந்தான். கண் அசந்திருக்கும் என்று நினைத்தான். மதியம் சாப்பிடாதது நினைவுக்கு வந்தது. ஸ்க்ரூடிரைவரை எடுத்து இரண்டு முனைகளையும் சேர்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பொறி பறக்காது. பறக்க வழியில்லை. அத்தோடு மூடிவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

ஸ்க்ரூடிரைவரை முனையருகே கொண்டுபோனபோது, பதினெட்டு வருடப் பழக்கத்தில் வாய் தானாகக் கேட்டது.

"நியூட்ரலா?"

மழை விட்டிருந்தது. எப்போது விட்டது என்று தெரியவில்லை. கூரையிலிருந்து ஒரு சொட்டு. இன்னொரு சொட்டு.

டிரைவர் கதவருகிலிருந்து பதில் வந்தது.

"நியூட்ரல்தான்."

சுப்பையன் குரலாக இருந்திருந்தால் அவன் கத்தியிருப்பான். அது சுப்பையன் குரல் இல்லை. அலுப்பாக, வேறெதையோ பார்த்துக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்ன குரல். அவனுடைய சொந்தக் குரல். அன்றைக்கு இதே வார்த்தையை இதே மாதிரி இழுத்துச் சொன்னது அவனுக்கு இப்போது தெளிவாக நினைவு வந்தது. சுப்பையன் கேட்டான். ஒரு தடவை இல்லை. மூன்று தடவை கேட்டான்.

நிமிர்ந்து கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தான். ஆள் இல்லை. கியர் மட்டும் சாய்ந்திருந்தது. முதல் கியர்.

கை இன்னும் முனையைத் தொடவில்லை. எடுத்துவிடலாம்.

ஸ்டார்ட்டரில் ஒரு 'டக்'.

இன்ஜின் சத்தம் கேட்டு ரோட்டைத் தாண்டி முதலில் ஓடிவந்தது மங்கையர்க்கரசிதான். ஸ்டாப் குமிழை இழுத்ததும் அவள்தான். அது எங்கே இருக்கிறது என்று சுப்பையன் எப்போதோ சொல்லிக்கொடுத்திருந்தான். அன்பழகன் அதற்குள் இறந்திருந்தான். பஸ் ஸ்டாப் வரைக்கும் இரண்டு பேர் பேசியது கேட்டது, ஒருவர் கேட்டார், ஒருவர் பதில் சொன்னார் என்று அவள் போலீசில் சொன்னாள். இரண்டாவது ஆள் யார் என்று விசாரித்தார்கள். இரண்டும் அன்பழகன் அண்ணன் குரல்தான் என்றாள். அதற்கு மேல் யாரும் அவளைக் கேட்கவில்லை. கியரில் நின்ற வண்டிக்கு 'நியூட்ரல்தான்' என்று வந்த அந்தப் பதிலே அவளுக்குப் போதுமாக இருந்தது. அன்று ராத்திரி மகனிடம், "உங்கப்பா கேட்டிருக்காருடா" என்று மட்டும் சொல்லிச் சோறு போட்டாள். அவன் சாப்பிட்டான்.

பீர் மைதீன் வண்டியைத் திருப்பிக் கேட்கவில்லை. ஷெட் பூட்டிக் கிடக்கிறது. ஜீப் போலீஸ் நிலையத்தின் பின்னால், தூங்குமூஞ்சி மரத்தடியில், பேட்டரி இல்லாமல் நிற்கிறது. டெஸ்ட் லேம்பை யாரும் கழற்றவில்லை. மழை பெய்கிற சாயங்காலங்களில், வண்டிக்கு முன்னால், குனிந்து நிற்கும் ஆளின் கை உயரத்தில், அந்த மஞ்சள் பல்பு எரிகிறது.