அக்கா ஏன் பேச மாட்றாங்க?

விழுப்புரத்திலிருந்து பஸ் ஏறி வந்த கலையரசி, திண்டிவனத்தை ஒட்டியிருந்த அந்த மரச்செக்குக் கொட்டகைக்குள் நுழைந்தபோது காலை பதினொரு மணி. கடைகளுக்கு இன்ஸ்டாகிராமில் விளம்பரம் செய்து தருவது அவள் தொழில். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. உள்ளே அரை இருட்டு. புண்ணாக்கு வாசனை. செக்கு ஓடாமல் கிடந்தது.

அவளை வரச்சொல்லியிருந்த செக்குக்காரன் சவுரிராயன் நாற்காலியைத் துடைத்துப் போட்டான். ஆள் பாதியாக இளைத்திருந்தான்.

அவன் மனைவி சகாயசெல்வி இறந்து எட்டு மாதம். மல்லாட்டை எண்ணெயை, அதாவது கடலை எண்ணெயை, ஊர் உலகத்துக்கெல்லாம் விற்றவள் அவள்தான். கேமரா முன் நின்று வாயைத் திறந்தால் போதும், டின் டின்னாகப் பார்சல் போகும். மூன்றே நாள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அதை அவளுடைய பேஜில் இருந்த இருபதாயிரம் பேருக்கு அவன் சொல்லவே இல்லை. ஊர் வழக்கப்படி கண்ணீர் அஞ்சலி போஸ்டர்கூட அடிக்க விடவில்லை. யாராவது போட்டோ எடுத்துப் போட்டுவிட்டால்? அவளுடைய பழைய வீடியோக்களையே வாரம் ஒன்றாகப் போட்டு வந்தான். செத்தவளை வைத்து வியாபாரம் பண்ணுகிறான் என்று உறவுக்காரர்கள் காறித் துப்பினார்கள். பாவம், அவன் கதை வேறு. "அக்கா, நல்லா இருக்கீங்களா?" என்று யாராவது கேட்டால், "நல்லா இருக்கேன் தங்கம்" என்று அவள் பெயரில் பதில் போடுவான். அந்த ஒரு நிமிஷம் அவள் நிஜமாகவே நன்றாக இருந்தாள். இந்த ஓர் இடத்திலாவது அவள் சாகாமல் இருக்கட்டுமே என்று விட்டுவிட்டான்.

இப்போது பழைய வீடியோக்கள் தீர்ந்துவிட்டன.

"மறைச்சிக்கினே இருக்க முடியாதுண்ணா," என்றாள் கலையரசி. "லைவ்ல வந்து நீங்களே சொல்லிடுங்க. ஜனங்க புரிஞ்சிப்பாங்க."

"சொல்லிட்டா அவ முழுசா போயிடுவாம்மா."

கலையரசி போனை ஸ்டாண்டில் மாட்டினாள். செல்வி வழக்கமாக நிற்கும் இடத்தில், செக்குக்கு முன்னால் அவன் போய் நின்றான். லைவ் தொடங்கியது. வணக்கம் சொன்னான். பக்கத்திலிருந்த எண்ணெய் டின்னை எடுத்து நேராக வைத்தான்.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது. வீடியோ எடுக்கும்முன் செல்வி முகத்தில் அப்பிக்கொள்ளும் பவுடரின் வாசனை.

திரையைப் பார்த்துக்கொண்டிருந்த கலையரசியின் முகம் மாறியது.

"இன்னாம்மா போடுறாங்க?"

"அக்கா..." அவள் குரல் கிசுகிசுத்தது. "அக்கா ஏன் உங்க பின்னாடியே நிக்கிறாங்கன்னு கேக்குறாங்கண்ணா."

அவன் திரும்பினான்.

செக்கு இருந்தது. சுவர் இருந்தது.

வேறு யாரும் இல்லை.

"எனக்கும் யாரும் தெரியலண்ணா. ஆனா எல்லாரும் அதையேதான் போடுறாங்க. அக்கா ஏன் பேச மாட்றாங்கன்னு."

அவன் பிடரியில் மூச்சுக் காற்று பட்டது.

ஓட வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. பயத்தைவிட ஆசைதான் அதிகமாக இருந்தது. ஆனால் செல்வியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இன்னொரு பொய் சொல்ல அவனால் முடியவில்லை.

"உங்ககிட்ட ஒரு உண்மைய சொல்லணும்ங்க," என்றான் கேமராவைப் பார்த்து. "எங்க செல்வி இப்ப இல்ல. செத்துட்டா."

சொல்லிவிட்டு, எட்டு மாதமாக அழாததையெல்லாம் சேர்த்து அழுதான்.

கமெண்ட் வருவது நின்றுபோனது.

அவன் காதருகே, தூக்கத்திலிருந்து எழுந்தவளைப் போல, அந்தப் பழகிய குரல் கேட்டது.

"நானா? எப்பங்க?"

ஊருக்கு மறைத்ததாக நினைத்தானே, அவளுக்கும் சேர்த்தல்லவா மறைத்திருக்கிறான்!

திரையில் ஒரே ஒரு கமெண்ட் வந்தது. கலையரசியால் அதை வாய்விட்டுப் படிக்க முடியவில்லை. போனைக் கழற்றி அவன் பக்கம் திருப்பினாள்.

"அண்ணா, அக்கா கேக்குறாங்க இல்ல? சொல்லுங்கண்ணா."