விசிறியில்லாத பெட்டி

அந்தப் பெட்டிக்குள் சுழலும்படி எதுவுமே இல்லை. அப்படியிருந்தும் அதிலிருந்து ஓர் உறுமல் வந்தது.

அருள்மணி பாட்டை நிறுத்தினான். உறுமலும் நின்றது. ஜமுனாமரத்தூர் வாடகை வீட்டில், பாட்டு கேட்பதற்கென்றே பார்த்துப் பார்த்து அவன் செய்த கணினி அது. விசிறியைக் கழற்றிவிட்டு, சூடு தணிய அலுமினியத் தகடு வைத்திருந்தான். இணையம் கிடையாது.

"பாட்டு கேக்குற பொட்டிக்கு இத்தினி சீராட்டா? எனக்கு ஒரு நாளாவது பண்ணியிருக்கீங்களா?" என்று மஞ்சுளா கேலி செய்துவிட்டுத்தான் போளூரில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போனாள். வயிற்றில் நான்கு மாதம். கேலி செய்தாலும், பெட்டியில் முதல் பாட்டு தன்னுடையதாகத்தான் இருக்க வேண்டுமென்று, நேற்று அறைக்கதவைச் சாத்திக்கொண்டு போனில் பாடிப் பதிந்து அனுப்பியிருந்தாள். நன்றாகப் பாடுவாள். பயம் வந்தாலும் பாடுவாள். கரண்ட் போனால் சமையலறையிலிருந்து முதலில் வருவது அவள் பாட்டுதான்.

போனில் கேட்டபோது பாட்டு மட்டும்தான் இருந்தது.

ஃபிரிட்ஜை அணைத்தான். சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைப் பிடுங்கினான். மதியம் மூன்று மணிக்கே பனி இறங்கி சன்னலை வெள்ளையாக அடைத்திருந்தது, அறையெங்கும் நனைந்த சாக்கின் வாடை. மறுபடி போட்டான். அவள் குரலுக்குப் பின்னால், மிகவும் தள்ளி, ஏற்றத்தில் திணறும் ஓர் எஞ்சின், தளர்ந்த சன்னல் கண்ணாடிகளின் கடகடப்பு, ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு ஹாரன்.

மலைப் பஸ். இப்போது அவள் போளூரிலிருந்து திரும்பி வந்துகொண்டிருக்கும் பஸ்.

பிரேக் கிறீச்சிட்டது. பாட்டு அறுந்தது. "இன்னாங்க..." என்றாள் மஞ்சுளா, அழுகிற குரலில்.

நிறுத்திவிட்டுப் போனை எடுத்தான்.

"எங்க இருக்க?"

"பாதி மலை ஏறிட்டோங்க. இன்னா ஆச்சு?"

"பஸ்ஸ நிறுத்தச் சொல்லி எறங்கிடு. இப்பவே."

"இது காடுங்க! ஒரே பனி."

"சொன்னா கேளு மஞ்சு. பஸ்ஸுக்கு இன்னாவோ ஆகப்போவுது. பைக் எடுத்துனு நானே வர்றேன்."

அவள் நடத்துநரிடம் கெஞ்சுவது கேட்டது. விசில். பிரேக் கிறீச்சிட்டது. "இன்னாங்க..." என்றாள், அழுகிற குரலில். தொடர்பு அறுந்தது.

அதே கிறீச். அதே குரல்.

சாவியை எடுக்கப் போனவன் அப்படியே நின்றான். அவன் தொடவில்லை. பெட்டி தானாக மிச்சத்தைப் பாடியது. எஞ்சின் மறுபடி கிளம்பியது. வளைவில் ஹாரன். அடுத்த வளைவில் ஹாரன். பஸ் பத்திரமாக மேலேறிப் போய்விட்டது.

பஸ்ஸுக்கு எதுவும் ஆகவில்லை. அவளை நடுக்காட்டில் இறக்கிவிட்டது அவன்தான்.

மறுபடி அழைத்தான். தொடர்பு எல்லைக்கு வெளியே.

ஸ்பீக்கரில் செருப்புச் சத்தம். அவளுடையது. சரளையில், மெதுவாக. நின்றது. பின்னால் சருகு நொறுங்கியது. அதுவும் நின்றது.

ஒயரைப் பிடுங்கினான். பெட்டியின் விளக்கு அணைந்தது.

ஸ்பீக்கரில் மஞ்சுளா பாட ஆரம்பித்தாள். குரல் நடுங்கியது. இரண்டாவது வரியில், அவள் காதோரமாக, இன்னொரு குரல் சேர்ந்துகொண்டது.

மஞ்சுளா பாடுவதை நிறுத்திவிட்டாள்.

பாட்டு நிற்கவில்லை.