எல் வரை எழுதியவர்

அகராதி அலுவலகம் புது இடத்துக்கு மாறிய அன்று நாங்கள் எம் எழுத்தின் நடுவில் இருந்தோம். ஆங்கிலம்–தமிழ் அகராதி, பதினோரு வருஷத்து வேலை. முப்பத்தெட்டு மரப்பெட்டிகள் நிறையச் சீட்டுகளை வண்டியிலிருந்து இறக்கி, பழைய ஆஸ்பத்திரியின் பின்கட்டுக்குள் அடுக்கினோம். ஆஸ்பத்திரி வேறு கட்டடத்துக்குப் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. சும்மா கிடந்த பின்கட்டை அகராதிக் குழு எங்களுக்கு வாங்கிக் கொடுத்தது.

நான் அங்கே மெய்ப்பு பார்ப்பவள். அடுத்தவர் பிழையில்தான் உன் பிழைப்பு ஓடுகிறது என்று என் கணவர் கேலி செய்வார். தலைமைப் பதிப்பாசிரியர் என் கூடப்பிறந்த அண்ணன். ஏ முதல் எல் வரை பெரும்பாலான சீட்டுகளை எழுதியவர் என் கணவர். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு, குழுத் தலைவரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். அதோடு சரி. அவர் இல்லாமல் அகராதியும் எம் எழுத்தோடு தேங்கி நின்றது.

இருக்கிறாரா, இல்லையா? இந்த ஒரு கேள்வியோடுதான் ஆறு வருஷமும் தூங்கி எழுந்தேன்.

அடையாளம் தெரியாத உடல் வந்திருக்கிறது என்று முதல் தடவை தகவல் வந்தபோது இதே ஆஸ்பத்திரியின் முன்வாசல் வரை வந்தேன். படியிலேயே மயங்கி விழுந்துவிட்டேன். "நீ இனிமே வராத, நான் பாத்துக்கறேம்மா" என்றார் அண்ணன். பிறகு தகவல் வந்த போதெல்லாம் அவர்தான் போனார். முதல் வாரத்திலேயே நாலு தடவை. நாலு தடவையும் வந்து என் தலையில் கைவைத்து, "மாப்பிள்ளை இல்லம்மா, நீ தைரியமா இரு" என்றார். அவரைத் தெய்வமாகத்தான் நினைத்தேன்.

புது இடத்தில் எல்லோருக்கும் சந்தோஷம், அண்ணனைத் தவிர.

"வேற இடம் பாருங்கன்னு குழுகிட்ட தலபாடா அடிச்சுக்கிட்டேன்" என்றார்.

"ஏண்ணா? காத்தோட்டமா நல்லாத்தானே இருக்கு?"

"ஈரம். சீட்டெல்லாம் பூத்துப்போயிடும்."

நான் சுவரைத் தொட்டுப் பார்த்தேன். மேலே வரை வெள்ளை ஓடு பதித்த சுவர். ஈரத்தின் சுவடே இல்லை.

தலைமைப் பதிப்பாசிரியருக்கு என்று குழு ஒதுக்கியது இருப்பதிலேயே குளிர்ச்சியான அறை. தரை நடுவை நோக்கிச் சற்றே சரிந்து, ஒரு சின்னத் தூம்பில் முடிந்தது. உள்சுவரில் ஒரு பெரிய கண்ணாடி ஜன்னல், திறக்க முடியாதபடி பதித்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் என் மேஜை. எத்தனை தடவை கழுவினாலும் உச்சி வெயில் ஏறும்போது அந்த அறையிலிருந்து பினாயில் வாடை கிளம்பும். பினாயிலுக்கு அடியில் இன்னொரு வாடையும் இருந்தது. அதற்கு நான் பெயர் தேடவில்லை.

இரண்டாம் நாள் காலையில் நான்தான் முதலில் வந்தேன். கண்ணாடியில் ஒரு கறை. யாரோ நெற்றியை வைத்து அழுத்திக்கொண்டு நின்ற மாதிரி ஒரு வட்டம், அதற்குக் கீழே மூக்கு நுனி, அதைச் சுற்றி மூச்சுப் பட்ட மங்கல். துணியை எடுத்துத் துடைத்தேன். போகவில்லை.

கறை உள்பக்கம் இருந்தது.

அறை பூட்டியிருந்தது. சாவி அண்ணனிடம் மட்டும்தான் உண்டு.

மூன்றாம் நாள் மதியம் அந்தச் சீட்டு வந்தது.

எங்கள் வேலை எப்படி என்று சொல்லிவிடுகிறேன். ஒரு சொல்லுக்கு ஒரு சீட்டு. மேலே சொல், அதன் வேர், பிறகு பொருள்கள். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு எடுத்துக்காட்டு வாக்கியம் கட்டாயம். அது இல்லாமல் எந்தச் சீட்டும் என் மேஜையைத் தாண்டாது. வலது கீழ்மூலையில் எழுதியவர் தன் பெயரின் முதலெழுத்தைப் போடுவார். அந்த மூலையைப் பார்த்துத்தான் அகராதியின் முகப்பில் யார் பெயர் வரும் என்று குழு முடிவு செய்யும். எழுதுகிறவர் எல்லோரும் நீல மையில் எழுத, என் கணவர் மட்டும் பச்சை மை.

என் மேஜையில் சீட்டுகள் வந்து சேரும் தட்டில் மேலாக இருந்த சீட்டு பச்சை மையில் இருந்தது.

சொல், மோர்க். பிணவறை. அவருடைய கையெழுத்து. 'ற'வின் வாலைத் தேவையில்லாமல் இழுப்பார், அதற்காக எத்தனையோ நாள் சண்டை போட்டிருக்கிறேன். அதே வால். அவர் கடைசியாக எழுதிய சொல் 'லிரிக்'. எம் வரிசையை அவர் தொட்டதே இல்லை.

படித்தேன். பிரெஞ்சுச் சொல். முதலில் இறுமாப்பான பார்வையைக் குறித்தது. பிறகு சிறைக்குப் புதிதாக வரும் கைதியை நிறுத்திவைத்து, முகம் மறந்துபோகாதபடி காவலர்கள் உற்றுப் பார்க்கும் அறைக்குப் பெயரானது. பின்னால் யாரென்று தெரியாத பிணங்களை அதே அறையில் பார்வைக்கு வைத்தார்கள். தெரிந்தவர் யாராவது வந்து பார்த்து, இன்னார் என்று சொல்லட்டும் என்பதற்காக. செய்தித்தாள் அலுவலகத்தில் பழைய செய்திகளை அடுக்கிவைக்கும் அறைக்கும் அந்தப் பெயர் உண்டு. அந்தப் பொருளுக்கு எடுத்துக்காட்டு இருந்தது: 'உயிரோடு இருப்பவர்களின் மரணக் குறிப்புகளும் அந்த அறையில் தயாராக இருந்தன.'

பிணவறை என்ற பொருளுக்கு எதிரில் மட்டும் எடுத்துக்காட்டு இல்லை. வெற்றிடம்.

விரலைப் பார்த்தேன். பச்சை ஒட்டியிருந்தது. மை காயவில்லை.

என் சந்தோஷத்தை என்ன சொல்ல. இருக்கிறார், வந்திருக்கிறார், எங்கேயோ பக்கத்தில் நின்று விளையாடுகிறார். அண்ணன் அறைக்கு ஓடினேன். சீட்டைப் பார்த்ததும் அண்ணன் முகத்தில் ரத்தம் வற்றியது.

"முன்னாடியே எழுதி வெச்சிருப்பாரும்மா. பெட்டி மாத்தும்போது கலந்திருக்கும்."

"மை ஈரமா இருக்குண்ணா."

"நான் பாத்துக்கறேன். நீ போய் வேலையப் பாரு." சீட்டை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார்.

மறுநாள் மதியம் தட்டில் மேலாக அதே சீட்டு. வெற்றிடம் நிரம்பியிருந்தது.

'மச்சான் என்னைப் பார்த்தார்.'

அண்ணனை மச்சான் என்று கூப்பிட இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான் உண்டு. நான் யாரிடமும் சொல்லவில்லை. சீட்டை என் பைக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டு போனேன். அடுத்த நாள் அது தட்டில் இருந்தது. பை பூட்டியபடியே இருந்தது.

'மச்சான் என்னை வெகுநேரம் பார்த்தார்.'

அதற்கும் அடுத்த நாள் சீட்டைத் திருப்பினேன்.

'பார்த்துவிட்டு, தெரியாது என்றார்.'

வாசலில் காவலாளி உட்கார்ந்திருந்தார். கட்டடத்தோடு சேர்ந்து எங்களுக்கு வந்தவர். ஆஸ்பத்திரி காலத்திலிருந்தே இங்கே வேலை. அவர் எதிரில் போய் நின்றேன்.

"அண்ணன் ரூம் முன்னாடி என்ன ரூமா இருந்துச்சு?"

"சொல்லக் கூடாதுன்னு ஐயா சொல்லியிருக்காரும்மா."

"நான் கேக்கறேன். சொல்லுங்க."

அவர் பீடியை அணைத்தார். "பிணவறைம்மா. இருவது வருஷம் நான்தான் உள்ள இருந்தேன். அந்தக் கண்ணாடி வழியாத்தான் சொந்தக்காரங்க பாப்பாங்க. இப்ப நீங்க உக்காந்திருக்கற எடத்துலதான் நிப்பாங்க."

"எங்கண்ணன் இங்க வந்திருக்காரா?"

"நாலு தடவ. மூணு தடவ எட்டிப் பாத்ததும் இல்லன்னு போயிட்டாரு. நாலாவது தடவ அரைமணி நேரம் நின்னாரு, நெத்தி கண்ணாடியில பட. ரோட்டுல அடிபட்ட கேஸு. கைப்பைய எவனோ அடிச்சுட்டுப் போயிட்டான், பேரு ஊரு ஒண்ணும் தெரியல. பாக்கெட்டுல இருந்ததக் காட்டச் சொன்னாரு, காட்டினேன். பாத்துட்டு, தெரியாதுன்னாரு. தெரியாத ஆள யாரும்மா அவ்வளவு நேரம் பாப்பாங்க? என் வேலை கேக்கறதில்ல. பேசாம இருந்துட்டேன்."

"அந்தச் சாமான்?"

"ஸ்டேஷன்லயும் எடுத்துக்கல, எரிக்கவும் சொல்லல. மாடிப்படிக்குக் கீழ அலமாரியில கெடக்கு."

துணிமூட்டை நம்பர் நாற்பத்தொன்று. கோடு போட்ட சட்டை. இரண்டாவது பொத்தான் நான் தைத்தது, நூல் நிறம் சேராது. போலீஸ் எடுத்த முகப் போட்டோ ஒன்று. அதை நான் ஒரு தடவைதான் பார்த்தேன், போதும். பச்சைப் பேனா. ஒரு காகித உறை.

உறையைக் கவிழ்த்தேன். முக்கோணம் முக்கோணமாகக் காகிதத் துணுக்குகள் கொட்டின. நூற்றுக்கணக்கில். ஒவ்வொன்றிலும் பச்சை மையில் ஒரே எழுத்து.

அவர் பெயரின் முதலெழுத்து.

ஏ முதல் எல் வரை அவர் எழுதிய எந்தச் சீட்டுக்கும் வலது மூலை இல்லை. "பூச்சி அரிச்சிருந்துச்சு, வெட்டிட்டேன்" என்று அண்ணன் சொன்னார். வெட்டிய இடத்துக்கு மேலே தன் முத்திரையைக் குத்தியிருந்தார். ஒற்றுப்பிழைக்காக ஊரையே கூட்டுகிற நான் அதை நம்பினேன். என் கணவர் குப்பைக்கூடையிலிருந்து ஒவ்வொரு மூலையாகப் பொறுக்கிச் சேர்த்திருக்கிறார். அதைத்தான் அன்று குழுத் தலைவரிடம் எடுத்துப்போனார். போலீசுக்கு அது குப்பை. எனக்கு அப்படி இல்லை என்று அண்ணனுக்குத் தெரியும். ஆமாம் என்று சொன்னால் மூட்டை என் கைக்கு வரும். அதனால் தெரியாது என்று சொல்லிவிட்டார்.

உறையோடு உள்ளே போய், அவர் மேஜையில் கொட்டினேன்.

அண்ணன் துணுக்குகளைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"பேரு போயிடும்னு பயந்துட்டேம்மா."

"ஆறு வருஷமா வாசலப் பாத்துட்டிருந்தேன். தெனம் சாயங்காலம் நீயும் என் பக்கத்துல உக்காந்து பாத்தியேண்ணா. எப்படி முடிஞ்சுது?"

அண்ணன் துணுக்குகளை ஒரு பக்கமாக ஒதுக்கினார்.

"எங்க பொதைச்சாங்க?"

"தெரியாது."

அந்த வார்த்தையைக் கேட்டதும்தான் எனக்கு அழுகை வந்தது. பகையாளி செய்திருந்தால் சபித்துவிட்டுப் போயிருப்பேன். கூடவே இருந்து குழி பறித்தவரை என்னவென்று திட்டுவது?

அறை சட்டென்று குளிர்ந்தது. பினாயில் வாடை ஏறியது. அதற்கு அடியில் இருந்த வாடையும் ஏறியது.

அண்ணன் தலை நிமிர்ந்தார். அவர் கண் எனக்குப் பின்னால் கண்ணாடியில் நிலைத்தது.

நான் திரும்பினேன்.

அந்தப் பக்கம் என் மேஜை. என் நாற்காலி காலியாக இருந்தது. யாரும் இல்லை.

கண்ணாடியில் மட்டும் ஒரு மூச்சின் மங்கல் படர்ந்து, சுருங்கி, மறுபடி படர்ந்தது.

இந்தத் தடவை வெளிப்பக்கம், சொந்தக்காரர்கள் நிற்கும் பக்கம்.

"மாப்பிள்ளை" என்றார் அண்ணன், மிக மெதுவாக. "தெரியும். எனக்குத் தெரியும் மாப்பிள்ளை." ஆறு வருஷம் கழித்து அடையாளம் சொன்னார்.

மங்கல் கலையவில்லை.

மூலைகளைக் குழுவிடம் கொடுத்தேன். அகராதியின் முகப்பில் என் கணவர் பெயர் வரும் என்று எழுதிக் கொடுத்தார்கள். அண்ணன் அன்றோடு வேலையை விட்டார். ஒரு மாதம் கழித்து அண்ணி போன் செய்தாள். "வீட்டுல எல்லாக் கண்ணாடிக்கும் பேப்பர் ஒட்டச் சொல்றாரு. மூக்குக்கண்ணாடியக் கூடப் போட மாட்டேங்கறாரு. உள்பக்கமா நின்னு யாரோ பாக்கறாங்களாம். என்னதான் நடந்துச்சு?" போனை வைத்துவிட்டேன். அவளிடம் சொல்லவேண்டியது என் வேலை இல்லை.

இரண்டு வருஷம் ஆகிவிட்டது. குழு புது ஆட்களைச் சேர்த்ததில் வேலை வேகம் பிடித்து, இப்போது டபிள்யூ எழுத்தில் இருக்கிறோம். என் மேஜை அதே இடத்தில்தான் இருக்கிறது. கண்ணாடியில் கறை விழுவது நின்றுவிட்டது. அவர் போய்விட்டார் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கும் ஒரு நாள் முழுக்க அழுதேன்.

இன்று மதியம் தட்டில் மேலாக ஒரு பச்சைச் சீட்டு இருந்தது. சொல், விடோ. பொருள், கணவனை இழந்தவள். 'ற'வின் வால் நீளமாக இருந்தது. மை காயவில்லை.

எடுத்துக்காட்டும் இருந்தது.

'நீ இனி வாசலைப் பார்க்காதே. மச்சானை நான் பார்த்துக்கொள்கிறேன்.'