ஏழாம் பெட்டியின் நட்டு

அந்தப் பெண்ணுக்கு அழகான பெயர் ஒன்று இருக்கிறது. ஆனால் யார் கூப்பிட்டார்கள்? வீட்டிலும் பள்ளியிலும் அவள் முந்திரிக்கொட்டைதான். கேள்வி முடிவதற்குள் பதில் சொன்னால் வேறென்ன பெயர் வைப்பார்கள்!

அவள் அம்மா ராட்டின மெக்கானிக். மூன்று மாடி உயர ராட்டினம், பதினாறு பெட்டிகள். விடுமுறை என்பதால் அவளும் அம்மாவோடு வந்திருந்தாள், கையில் வீட்டுப்பாட நோட்டு. ஒரே சொல்லுக்கு எத்தனை பொருள் என்று எழுத வேண்டும். அவள் எடுத்த சொல் 'நட்டு'. செடியை நட்டு வளர்க்கலாம். கிறுக்குத்தனம் செய்தால் நட்டு கழன்றுவிட்டது என்பார்கள். மூன்றாவது நட்டு அம்மாவின் கையில் இருந்தது.

"இத்தனூண்டு நட்டா அவ்வளவு பெரிய பெட்டியைத் தாங்குது?" அவள் வாயைப் பிளந்தாள்.

அம்மா ஒரு விஷயம் காட்டினாள். நட்டை முடுக்கியதும் அதன்மேலும் பக்கத்து இரும்பின்மேலும் சேர்த்து ஒரு சிவப்புக் கோடு போடுவார்களாம். நட்டு கொஞ்சம் திரும்பினாலும் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். அடேயப்பா என்று அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

ராட்டினம் முதலில் காலியாகச் சுற்றும். பிறகுதான் ஆள் ஏற்றுவார்கள். வெளியே குழந்தைகள் வரிசையில் காத்திருந்தார்கள். அவள் ராட்டினத்தை இயக்கும் சுவிட்ச் மாமாவின் பக்கத்தில் நின்று ஒவ்வொரு கோடாகப் பார்த்தாள். ஏழாம் பெட்டி கீழே வந்தபோது கோடு விலகியிருந்த மாதிரி இருந்தது.

கத்தப் போனவள் வாயைப் பொத்திக்கொண்டாள். நேற்று இப்படித்தான் ராட்டினம் சாயுது என்று கத்தினாள். எல்லோரும் ஓடிவந்து பார்த்தால், சாய்ந்திருந்தது அவள் தலைதான். இன்னொரு தடவை கத்தினால் இங்கே வரவே கூடாது என்று மாமா கறாராகச் சொல்லியிருந்தார். பெட்டி காலிதானே, இன்னொரு சுற்று வரட்டும் என்று கண் இமைக்காமல் நின்றாள்.

ஐந்து. ஆறு. ஏழு. கோடு விலகித்தான் இருந்தது.

"மாமா, யாரையும் ஏத்தாதீங்க. ஏழாம் பெட்டியில கோடு விலகியிருக்கு. ரெண்டு தடவை பார்த்துட்டேன்."

மாமா மறுபேச்சுப் பேசாமல் நிறுத்தினார். அம்மா ஓடிவந்து விரலால் தொட்டாள். நட்டு திரும்பியது. காலையில் இறுக்கமாக இருந்தது, சுற்றும்போது இளகியிருக்கிறது. அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. வரிசையில் நின்ற குழந்தைகளை ஒருமுறை பார்த்தாள். பிறகு மகளை இழுத்து இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

புது நட்டை மாட்டி முடுக்கிய பிறகு தூரிகையை அவளிடம் நீட்டினாள். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கோடு இழுத்தாள். மற்ற பெட்டிகளையும் இருவரும் மறுபடி பார்த்து முடித்தார்கள்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. நட்டு மாற்றினால், வேலை செய்தவர்தான் அந்தப் பெட்டியில் முதல் சுற்று போக வேண்டும். அம்மா ஏறினாள். கோடு போட்டவளும் ஏறினாள்.

உச்சிக்குப் போனபோது தூரத்து வீடுகள் தீப்பெட்டிகளாகத் தெரிந்தன. காற்று முகத்தில் அடித்தது. காலுக்குக் கீழே ஒன்றுமே இல்லை.

"பயமா இருக்கா?" என்று அம்மா கேட்டாள்.

அவள் தலைக்கு மேலே இருந்த ஈரம் காயாத கோட்டைப் பார்த்தாள்.

"இல்லம்மா. நான்தானே போட்டேன்."